தானம் கொடுத்த மாடு

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது பழமொழி. கேட்பதற்கு அடக்கம், ஆராய்ந்து பார்த்தாலோ அடிமைத்தனம்! தோழனே, அந்தப் பழமொழியை நெடுநாள் சுமந்தவன் நான். கல்லூரியில் என்னைப் படிக்கவைத்தது ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகை. ஆண்டுக்கு ஆண்டு அத்தொகை தேய்ந்தது. ஏனென்று கேட்க நா எழவில்லை. அறங்காவலர் நீட்டிய உறையை வாங்கக் குனிந்த முதுகு, நான் ஆசிரியனான பின்னும் நிமிர மறுத்தது.

நிமிர்த்தியவர் மயிலாப்பூர்க் குளக்கரையருகே அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர். கொள்முதலும் வணிக ஒப்பந்தமும் அவர் தொழில். அறக்கட்டளை வழக்குகளும் வருவதுண்டு. "தம்பி, சரக்கிலே மோசம் செய்தால் வாங்கியவன் மறுநாளே வாசலில் நிற்பான். ஒப்பந்தத்துக்கு இருபுறமும் காவல். அறத்துக்கு? கொடுத்தவன் இறந்துபோனான்; பெறவேண்டியவன் இன்னும் பிறக்கவில்லை!" என்றார்.

எண்ணிப் பார்! அரசு வாங்கும் பொருளுக்கே ஒப்பந்தப்புள்ளி முறையை வெளிப்படையாக்கத் தமிழ்நாட்டில் 1998-இல் தனிச்சட்டம் வந்தது. கண்காணிக்க ஆளுள்ள இடத்திலேயே இத்தனை காவல் என்றால், ஆளில்லாத இடத்தில் எத்தனை வேண்டும்?

பச்சையப்பரை நினை. துபாஷியாகவும் வணிகராகவும் பெரும்பொருள் ஈட்டி, அதை அறத்துக்கென உயில் எழுதிவிட்டு, 1794-இல் நாற்பது வயதில் மறைந்தார். பிறகு? சொத்து வழக்குகளில் சிக்கிற்று. மறைந்தவர் எழுந்து வந்து கணக்குக் கேட்பாரா? கேட்டது சட்டம். அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் அவ்வறத்தை மீட்கப் பாடுபட்டார்; அவர் உறவினருமல்லர், ஊராருமல்லர். மீட்ட செல்வத்திலிருந்து 1842-இல் பள்ளிக்கூடம் பிறந்தது. உயிலுக்கும் பள்ளிக்கும் இடையே 48 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளில் எத்தனை சிறுவர்கள் எழுத்தறியாமலே கிழவராகியிருப்பர்!

"கேள்வி கேட்டால் கொடுப்பவர் கை மூடிக்கொள்ளுமே" என்று அஞ்சுவோர் உண்டு. அறங்காவலர் கொடுப்பவரா? கொண்டுவந்து சேர்ப்பவர். மணியார்டர் கொண்டுவந்த அஞ்சற்காரர் காலில் எவரேனும் விழுவதுண்டா? கணக்கில்லாத இடத்தில்தான் கொடுப்பவன் கை தயங்கும். 1925-இல் நீதிக்கட்சி ஆட்சி இந்து அறநிலையச் சட்டம் இயற்றியபோதும், "மதத்தில் கை வைக்கிறார்கள்" என்ற கூக்குரல் எழுந்தது. கை வைத்தது கடவுள் மீதா, கணக்குப் புத்தகத்தின் மீதா? அந்த ஆட்சியின் முதல்வரான பனகல் அரசர் பெயரைத் தாங்கி தியாகராயநகரில் பூங்கா இருக்கிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவை வழக்கறிஞர் எடுத்துக் காட்டினார். பொது அறத்தில் நம்பிக்கைத் துரோகம் நேர்ந்தால், அந்த அறத்தில் நலனுடைய இருவர், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். பெருங்கூட்டம் வேண்டாம்; இருவர் போதும்! வழக்கென்ன, முதலில் கணக்கைக் கேட்டு ஒரு கடிதம் எழுதினால் என்ன என்று தோன்றிற்று.

அதே உதவித்தொகையில் படித்த நண்பனைப் பனகல் பூங்காவுக்கு வரச்சொன்னேன். கடிதத்தை இருமுறை படித்தான். "சோறு போட்ட கையடா" என்றான். "எவருடைய கை?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு என் பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான்.