கண்ணாடிக் குவளைகளின் சப்தம்

ஊரை விட்டுப் போகும்போது நண்பர் ஒருவர் என்னிடம் தள்ளிவிட்டுச் சென்ற இசைத்தட்டுகளில் அது இருந்தது. பில் எவான்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ டபுள் பாஸ், பால் மோஷன் டிரம்ஸ். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை விடுதியில் மதியமும் இரவுமாக ஐந்து அமர்வுகள் வாசித்ததிலிருந்து பொறுக்கியெடுத்தது.

வாசிப்புக்கு அடியில் குவளைகள் மோதும் சப்தம். யாரோ சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பாஸ் என்பது பின்னால் நின்று காலத்தை எண்ணித் தரும் வாத்தியம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். லஃபாரோ எண்ணுவதில்லை, பியானோ பேசும்போதே மேல்ஸ்தாயியில் குறுக்கே பேசுகிறான். மோஷனும் தாளத்தை அடித்துச் சொல்வதில்லை, பிரஷ்ஷால் தடவி விட்டுவிடுகிறார். தாளம் மூவருக்கும் நடுவே, யாரும் தொடாமல், இருந்துகொண்டிருக்கிறது. இதன் எதிரில் உட்கார்ந்துகொண்டு என்ன பேச்சு?

பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனான். வயது 25. எவான்ஸ் பல மாதங்கள் மேடையேறவில்லை. தட்டைத் தொகுத்தது இந்தச் சாவுக்குப் பிறகுதான். அட்டையில் லஃபாரோவின் பெயர் தனித்து நிற்கிறது. முதல் உருப்படி 'குளோரியாஸ் ஸ்டெப்', கடைசி 'ஜேட் விஷன்ஸ்', இரண்டும் அவன் எழுதியவை. ஆக, நான் கேட்பது அந்த ஞாயிற்றுக்கிழமையை அல்ல. ஜூலை 6 அறிந்தவர்கள் அடுக்கித் தந்த ஞாயிற்றுக்கிழமையை. 'ஜேட் விஷன்ஸ்' மெதுவானது. அதில் நான் துக்கம் கேட்கிறேன். வாசித்தவனுக்கு அது அன்றைக்கு வாசித்த ஒரு உருப்படி, அவ்வளவே. அவனிடம் இல்லாத சாவை அவன் விரல்களில் ஏற்றிவிட்டு அதை ரசனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன பாத்யதை?

இதை எழுத எனக்கு வேறொரு காரணமும் உண்டு. கவிதை எழுதிய நண்பன் ஒருவன் இறந்தபோது சிலர் சேர்ந்து அவன் கவிதைகளைத் தொகுத்தோம். தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன். இருட்டு, ரயில், காலி நாற்காலி வரும் கவிதைகளையெல்லாம் எடுத்துக்கொண்டோம். மெஸ் சாம்பாரைப் பற்றியும் வீட்டுக்காரரின் நாயைப் பற்றியும் எழுதிய கேலிகளை 'முதிர்ச்சியற்றவை' என்று ஒதுக்கினோம். அப்படிச் சொன்னது நான்தான். புத்தகத்தைப் படித்தவர்கள் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றார்கள். அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அந்த நாற்காலிக் கவிதை, என்னிடம் இரவல் வாங்கித் திருப்பித் தராத நாற்காலியைப் பற்றியது.

2005இல் அன்றைய பதிவு முழுவதும் வெளியாயிற்று. அதில் முதல் உருப்படி நடுவில் மின்சாரம் போய் அறுபடுகிறது. ஒரு துக்கத் தொகுப்பில் இதற்கு இடம் இருந்திருக்காது. எனக்கு அந்த இடம்தான் இப்போது பிடித்திருக்கிறது.

தெரிந்ததை மறந்துவிட்டுக் கேட்க முயன்று பார்த்தேன். முடியவில்லை. பேச்சும் சிரிப்புமாக மேஜைகளில் இருந்தவர்களுக்கு அது முடிந்தது. அவர்கள் சரியாகக் கேட்கவில்லைதான். ஆனால் அடுத்த வாரமும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். லஃபாரோவும் அப்படித்தான் வாசித்திருப்பான். இந்த விஷயத்தில் அவன் என் பக்கம் இல்லை, அவர்கள் பக்கம்.

நேற்று இரவு தட்டைப் போட்டுவிட்டுக் குவளைகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எதற்கோ சிரிக்கிறாள். பாஸ் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது.