பெப்சி என்ன விலை?

பெப்சி, கோக், பாட்மேன், ஹல்க், ஆமை... என்ன இது, குழந்தைகள் கடையில் நின்று அடம்பிடிக்கிற லிஸ்ட் என்று நினைக்கிறீர்களா? இல்லை சார், எல்லாம் கைக்கடிகாரங்கள். இதில் சிலதின் விலைக்கு ஒரு கார் வாங்கலாம்!

இந்தப் பெயர்களைக் கம்பெனிக்காரர்கள் வைக்கவில்லை. அவர்கள் கொடுப்பது ஒரு மாடல் பெயரும் நீளமாக ஒரு நம்பரும்தான். ரோலெக்ஸ் 1955-ல் 'ஜி.எம்.டி. மாஸ்டர்' என்று ஒரு வாட்ச் கொண்டுவந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் பான் ஆம் விமானிகள், இரண்டு ஊர் நேரத்தை ஒன்றாகப் பார்க்க வேண்டும். அதற்காக டயலைச் சுற்றி 24 மணி நேர வளையம். பகலுக்குச் சிவப்பு, ராத்திரிக்கு நீலம். காரணத்தோடு பூசிய கலர். ஆனால், பார்த்தவர்களுக்கு ஞாபகம் வந்தது குளிர்பானம். அன்றிலிருந்து அது பெப்சி. 2013-ல் அதே குடும்பத்தில் கறுப்பும் நீலமுமாக ஒன்று வந்தது. அது பாட்மேன்.

ஏன் இப்படி? நம்பரை மதிக்கலாம், கொஞ்ச முடியாது. சர்டிபிகேட்டில் என்ன பெயர் இருந்தாலும், வீட்டில் 'அம்மு'தானே! செல்லப் பெயர் வைத்தால், 'நீ எங்க ஆளு' என்று அர்த்தம்.

சிக்கல், அந்தச் செல்லத்துக்கு விலை வரும்போது ஆரம்பிக்கிறது.

1960-களில் ரோலெக்ஸ் டேடோனாவில் ஒரு வினோதமான டயல் வந்தது. அப்போது அதைச் சீந்துவாரில்லை. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கார் ரேஸ் பிரியர். 'ஜாக்கிரதையாக ஓட்டு' என்று பின்பக்கம் பொறித்து அவர் மனைவி பரிசளித்தது அந்த டயல் வாட்ச்தான். அவர் அதை வருஷக்கணக்கில் கட்டினார். பிற்பாடு சேகரிப்பாளர்கள் அந்த டயலுக்கே 'பால் நியூமன்' என்று பெயர் வைத்தார்கள். விலை எகிறியது. 2017-ல் அவருடைய வாட்ச் நியூயார்க் ஏலத்தில் போன விலை, சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலர்!

சரி, அது அவர் கையில் இருந்தது. அவர் தொட்டே பார்க்காத அதே டயல் வாட்ச்களும் சாதா டேடோனாவைவிடப் பல மடங்கு விலை போகின்றனவே?

இன்னொன்று கேளுங்கள். 1971-ல் வந்த 'எக்ஸ்ப்ளோரர் டூ' வாட்ச்சுக்கு, நடிகர் ஸ்டீவ் மெக்வீன் பெயர். அவர் அதைக் கட்டியதற்கு ஆதாரமே கிடையாது. விவரம் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும். ஆனாலும் பெயர் போகவில்லை!

இது ஏமாற்று வேலையா? எல்லோருக்கும் தெரிந்தே நடப்பதை அப்படிச் சொல்ல முடியாது. ஆனால், ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பெயர் வைத்தவன் ஆசையில் வைத்தான், பைசா வாங்கவில்லை. பின்னால் வருகிறவன் அந்த ஆசையைக் காசு கொடுத்து வாங்குகிறான். அவனுக்குக் கிடைப்பது என்ன?

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'குட்வில்' தெரியும். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அதற்கு அழகான வார்த்தை, 'நற்பெயர்'. அதில் ஒரு விதி உண்டு. நீங்களே உழைத்துச் சேர்த்த நற்பெயரைச் சொத்து என்று கணக்கில் எழுதக் கூடாது. இன்னொருவரிடம் விலைக்கு வாங்கியதை மட்டும்தான் எழுதலாம்.

வாட்ச் விஷயத்திலும் இதே கதைதான். நியூமன் தன் வாட்ச்சை மழையிலும் வெயிலிலும் கட்டினார். அதனால்தான் அதற்கு ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயருக்காகப் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறவரோ, கீறல் விழுந்தால் விலை குறையும் என்று லாக்கரில் பூட்டுகிறார். எது அதற்குப் பெருமை சேர்த்ததோ, அதை மட்டும் அவர் செய்ய மாட்டார்! கணக்கில் சொத்து ஏறிவிட்டது. கையில்தான் வாட்ச் இல்லை.

உங்கள் கையில் இருப்பது ஆயிரம் ரூபாய் வாட்ச்சாக இருக்கலாம். தினமும் கட்டுங்கள். நாலு கீறல் விழட்டும். அதற்கும் உங்கள் வீட்டில் யாராவது ஒரு பெயர் வைப்பார்கள். அதை எந்த ஏலத்திலும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே இருக்கட்டுமே!