கருவியை நம்பக் கற்றவர்கள்

மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை தாண்டிக் கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறியவர்களிடம் நீலகிரி மேகத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதிரே தெரிந்த சாலை கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். வண்டியை ஓரங்கட்டி, மேகம் கலையும்வரை காத்திருப்பார்கள். வானத்தில் ஓரங்கட்ட இடமில்லை. ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்க வல்லதுதான். ஆனால் அப்படி நிறுத்துவதற்கும் பெரும்பாலும் விமானியின் கண்ணெதிரே ஒரு மரமோ பாறையோ தெரிய வேண்டும்.

அந்த மலையின் மறுசரிவில், குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில், 2021 டிசம்பர் 8 அன்று ஓர் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் விழுந்தது. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து காலை 11.48-க்குக் கிளம்பியது, 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 அளவில் தொடர்பு அறுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். 13 பேர் அன்றே போனார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தார். ஊர் மக்கள் கையில் கிடைத்த போர்வைகளோடும் தண்ணீரோடும் ஓடிப்போய்த் தீயிலிருந்து ஆட்களை மீட்க முயன்றதைத் தமிழ்நாடு மறந்திருக்காது.

ஹெலிகாப்டரை ஓட்டியவர் விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌகான். ஆக்ராக்காரர். நான்கு அக்காக்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி. ரேவா சைனிக் பள்ளியில் படித்து, 2000-இல் விமானப்படையில் சேர்ந்து, சூலூரில் 109-ஆவது ஹெலிகாப்டர் பிரிவின் தலைவராக உயர்ந்தவர். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் விட்டுச் சென்றபோது அவருக்கு 42 வயது. உடன் ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங். ஒடிசாவைச் சேர்ந்த ராணா பிரதாப் தாஸும் திருச்சூர்க்காரரான பிரதீப்பும் குழுவிலிருந்த ஜூனியர் வாரண்ட் அதிகாரிகள். நான்கு மாநிலத்து நான்கு வீடுகள் ஒரே நாளில் இருண்டன. நாடு தளபதியை நினைவில் வைத்தது. ஓட்டிச் சென்றவர்களின் பெயர் பலருக்கு இன்று நினைவிருக்காது. அது எனக்கு உறுத்துகிறது.

போர் விமானி என்றதும் நம் மனத்தில் எழுவது சீறிப் பாயும் ஜெட் விமானம். ஹெலிகாப்டர் விமானியின் வேலை வேறு. அவர் பெரும்பாலும் சுமக்கிறவர். சியாச்சின் பனிமலையின் உச்சிக் காவல் சாவடிகளுக்கு உணவுப் பொட்டலங்களும் மண்ணெண்ணெயும் சீத்தா ஹெலிகாப்டரில்தான் போய்ச் சேர்கின்றன; திரும்பும்போது அது நோயாளியை ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயின்போது சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்கள் போயின. அதே ஆண்டு கேரள வெள்ளத்தில் மொட்டை மாடிகளில் நின்றவர்களைத் தூக்கியெடுத்தவர்களில் பிரதீப்பும் ஒருவர். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளம் சூழ்ந்து நின்ற ரயிலின் பயணிகளுக்குச் சாப்பாடும் வானிலிருந்துதான் வந்தது. இன்னொரு வீட்டுப் பிள்ளையை அதன் தாயிடம் சேர்ப்பதற்காகத் தன் பிள்ளையை வீட்டில் விட்டுக் கிளம்புவதே இவர்களின் அன்றாடம்.

இனிச் சொல்வது கடினமானது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணை நடந்தது. அவரும் ஹெலிகாப்டர் விமானியே. 2022 ஜனவரியில் வெளியான முடிவு இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றையும் மறுத்தது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது, நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் மலையில் மோதியது என்று சொன்னது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கை 2017 முதல் 2022 வரையிலான 34 விமானப்படை விபத்துகளைப் பற்றிப் பேசியது. அதில் இந்த விபத்துக்கு எதிரே விமானக் குழுவின் பிழை என்று சுருக்கமாக அச்சாகியிருந்தது.

இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு பணிவாழ்க்கைக்கு எதிரே அந்த ஒற்றை வரி. அதைப் படித்துச் சிலர் இறந்தவரைக் குறை சொன்னார்கள். சிலர் வீரரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கொதித்தார்கள். இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலில், அந்தத் திசையுணர்வுக் குழப்பம் எப்படி நேர்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள நீர் அசைவதை வைத்தே உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மூளை அறிகிறது. அடிவானம் தெரியும்வரை கண் அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். மேகத்துக்குள் அந்தத் துணை போய்விடுகிறது. ஒரே சீராக வளைந்து பறக்கும்போது சில வினாடிகளில் குழலின் நீர் அடங்கிவிடும். நேராகத்தான் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். உண்மையிலேயே நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இந்தக் காது மாறுவதில்லை. ஆகவே விமானிகளுக்குத் தரும் பயிற்சியில் பெரும்பகுதி, தன் உடம்பு உறுதியாகச் சொல்வதை நம்பாமல் எதிரே இருக்கும் கருவியை நம்புவதற்கானது. பெங்களூரில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் இந்தக் குழப்பத்தைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டும் இயந்திரமே உண்டு. சுற்றிலும் மேகம், காலுக்குக் கீழே மலை, கையில் இருப்பதோ சில வினாடி. அந்த நிலையில் தோற்றவரைத் தரையில் உட்கார்ந்து எடைபோடுவதற்கு முன் நாம் தயங்க வேண்டும்.

இந்தப் பயிற்சி வீட்டுக்கும் வேண்டியது என்றே நினைக்கிறேன். குடும்பத்தில் நாம் படும் பாட்டில் பாதி, நம் உள்ளே எழுந்த நிச்சயத்தை அப்படியே நம்பியதால் வருகிறது. கோபம் வரும்போது நாம் நேராக நிற்பதாகவும் மற்றவர்களே சாய்ந்திருப்பதாகவும் தோன்றுகிறது. மனைவி சொல்லும் ஒரு வார்த்தை, பிள்ளையின் வாடிய முகம், அம்மா திடீரென்று பேச்சை நிறுத்துவது, இவைதான் அங்கே நமக்கு இருக்கும் கருவிகள். பார்த்துத் திருத்திக்கொள்கிறவன் வீட்டைக் காப்பாற்றுகிறான். விமானி வீட்டில் இதற்கு அவசரமும் கூடுதல். இரவில் தீராத சண்டையும் கெட்ட தூக்கமும் காலையில் அவரோடு காக்பிட்டில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் நல்ல கணவனாக இருப்பது அவருக்குத் தொழிலின் ஒரு பகுதி.

பறந்து இறங்கியதும் உட்கார்ந்து பேசும் டீபிரீஃபிங் என்ற வழக்கமும் அந்தத் தொழிலில் உண்டு. எங்கே தவறினோம் என்பதை மூத்தவரும் இளையவரும் ஒருவர் முன் ஒருவர் சொல்ல வேண்டும். மறைத்தால் நாளை இன்னொருவர் சாவார். சொன்னவரை இழிவுபடுத்தினால் மறுநாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உண்மையை முழுதாகச் சொல்வது, சொல்லப்பட்டவர் மேல் மதிப்புக் குறையாமல் இருப்பது, இரண்டும் சேர்ந்தால்தான் அந்த அறையால் பயன். விசாரணை அறிக்கையையும் அப்படித்தான் படிக்க வேண்டும். பிழை நேர்ந்தது என்று எழுதியதால் சௌகான் சிறுத்துப்போகவில்லை. அந்தக் கண்டறிதலால், அடுத்து அந்தப் பள்ளத்தாக்கில் நுழையும் குழுவுக்கு எப்போது திரும்பிவிட வேண்டும் என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். திரும்பி வருவதும் தைரியந்தான். கீழே எத்தனை பேர் காத்திருந்தாலும் இன்று முடியாது என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இப்படி ஒரு வரி அச்சேறும் முன், இறந்த விமானியோடு முன்பு பறந்த ஓர் அதிகாரி அவர் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். பெற்றோரையும் மனைவியையும், விவரம் புரியும் வயது வந்திருந்தால் பிள்ளைகளையும் உட்கார வைத்து, மேகம் எப்படி வந்தது, காது எப்படி ஏமாற்றும், அவர் எத்தனை பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்க நேரம் கொடுக்க வேண்டும். அழுதால் கூட இருக்க வேண்டும். செய்தித்தாள் அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலுக்கு வரட்டும்.