பட்டான் கல்

எங்கள் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரு வேடியப்பனாவது இருப்பான். என் வகுப்பில் ரெண்டு பேர். ஆனால் புராணக் கடவுள்களை அறிமுகம் செய்யும் புத்தகங்களில் இந்தச் சாமி பெரும்பாலும் இருக்காது.

ராமன் யாகப் பாயசத்தில் பிறந்தவன், கர்ணன் சூரியன் கொடுத்த பிள்ளை. வேடியப்பனுக்கு இருப்பது சாவுக் கதை மட்டும்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் பல வேடியப்பன் கோயில்களில் சாமியாக நிற்பது ஒரு பழைய நடுகல். வில்லோ வாளோ பிடித்த ஆள். ஊர் மாட்டை ஓட்ட வந்தவர்களோடு மோதிச் செத்தவன். சில கற்களில் வட்டெழுத்தில் அவன் பெயரும், எந்த அரசன் காலத்தில் ‘பட்டான்’ என்பதும் இருக்கும். பட்டான் என்றால் செத்தான். செங்கம் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லில், செத்த வீரனோடு நின்று திருடர்களைக் கடித்த நாய்க்கும் உருவம் உண்டு. கோவிவன் என்று பெயரோடு. எனக்குப் பிடித்த கல் அது.

என் சித்தப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தார். தொட்டிக்குள் மயங்கி விழுந்த பையனைத் தூக்க இறங்கினார். பையன் பிழைத்தான். இவர் பட்டார்.

மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரர் பெரிய மாலையோடு வந்தார். “உங்க வீட்டுக்காரர் எங்களுக்கு சாமி மாதிரிம்மா” என்றார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. சித்தி கேட்டது ஒன்றே ஒன்று: “அவர் பேரு உங்க ரிஜிஸ்டர்ல இருக்கா?” இல்லை. பேர் இல்லாவிட்டால் இ.எஸ்.ஐ. பணத்துக்கு அலைய வேண்டியதுதான். “சாமின்னு சொல்லிட்டா நான் யார்கிட்ட போய் சண்டை போடறது?” என்றாள்.

அன்றிலிருந்து எனக்குள் இந்தக் கேள்வி. ஒருத்தரைக் கடவுளாக்குவது நன்றியா, கடனைத் தள்ளுபடி செய்கிற வழியா? தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படி சொல்கிறது. கல்லைத் தேடுவதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை எல்லாமே கல்லுக்கு. வீட்டில் மிச்சமிருப்பவர்கள் அதில் எங்கே என்று கோபமாகத்தான் படித்தேன்.

அப்புறம்தான் உதிரப்பட்டி என்ற சொல் கண்ணில் பட்டது. சண்டையில் செத்தவன் குடும்பத்துக்கு விட்டுக் கொடுத்த நிலம். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் நெத்தரு கொடகெ. நெத்தரு என்றால் ரத்தம். ரத்தத்துக்கு ஈடான நிலம். இந்தக் கொடையைச் சில இடங்களில் வீரனின் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அதாவது நாம் பொட்டு வைத்துக் கும்பிடுகிற சில கற்கள் ஒரு காலத்தில் பத்திரமும்கூட. ஊரே பார்க்கிற இடத்தில் நட்ட பத்திரம். எல்லாக் கல்லிலும் கொடை இல்லை, பலவற்றில் வெறும் ‘பட்டான்’தான். எல்லாருக்கும் நிலம் கிடைத்திருக்கும் என்று நம்ப நான் தயாரில்லை. ஆனால் கும்பிடுவதும் கணக்குத் தீர்ப்பதும் ஒரே கல்லில் இருக்க முடிந்திருக்கிறது. ஒப்பந்தக்காரரின் கண்ணீரை நான் பொய் என்று சொல்லவில்லை. அவர் மாலையோடு ஒரு காகிதமும் கொண்டுவந்திருக்கலாம்.

போன பொங்கலுக்கு சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். மாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே கேட்டாள். நாய் கதைக்குச் சிரித்தாள். உதிரப்பட்டி என்றதும் கை நின்றது.

“அந்த நெலத்த பொண்டாட்டி பேர்ல எழுதினாங்களா, அண்ணன் தம்பி பேர்லயா?”