பிடித்தபின் விடுதல்

மனிதன் மீன் பிடித்தது உண்பதற்காக. உண்டு மிஞ்சியதை விற்பதற்காக. நெடுங்காலம் இவ்விரு காரணங்களே போதுமானவையாக இருந்தன. பிடித்துப் பார்த்து, மகிழ்ந்து, மீண்டும் கடலிலேயே விட்டுவிடுதல் என்னும் மூன்றாவது காரணம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சிக்காக மட்டும் ஓர் உயிரை முள்ளில் மாட்டலாமா? மாட்டியதை உயிரோடு விட்டுவிட்டால் அச்செயல் குற்றமற்றதாகிவிடுமா? இவ்வினாக்களையே இங்குச் சிந்திக்க முற்படுகின்றோம்.

சிந்தனைக்கு இடமாக அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோ வளைகுடாவை நோக்கிய அதன் மேற்குக் கரையில், மார்ச் முதல் மே வரையிலான இளவேனில் மாதங்களில் கடல்நீர் மெல்ல வெதுவெதுப்பாகின்றது. மீன்கள் இடம்பெயரத் தொடங்குகின்றன. அவற்றைத் தேடி மனிதரும் வந்து குவிகின்றனர். அவர்களுக்கென வாடகைப் படகுகள் காத்திருக்கின்றன. படகு, தூண்டில், இரை, வழிகாட்டும் கேப்டன் எல்லாம் சேர்த்து அரை நாளுக்கோ முழு நாளுக்கோ ஒரு கட்டணம். சிறு படகுகளில் பெரும்பாலும் கட்டணம் செலுத்துவோர் அறுவருக்கு மேல் ஏறலாகாது; கேப்டனின் உரிமம் அவ்வளவுக்கே இடம் தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லியோனார்ட் டெஸ்டின் என்னும் மீனவர் குடியேறிய சிற்றூர், அவர் பெயரையே தாங்கி, இன்று இத்தகைய படகுகளால் பிழைக்கின்ற நகரமாக விளங்குகின்றது.

விடியுமுன் படகு தள்ளிச் சென்று, வலையில் வந்ததை விற்று உலை வைக்கின்ற நம் கடற்கரை மக்களிடம், பிடித்த மீனை விட்டுவிடுவதற்காகவே சிலர் பணம் கொடுக்கின்றனர் என்று சொன்னால் அவர்கள் சிரிக்கக்கூடும். அச்சிரிப்பில் நியாயம் உண்டு; ஆனால் அது முழு நியாயம் அன்று.

வாடகைப் படகுகள் செல்லும் வழிகள் இரண்டு. ஒன்று கரையோர நீர்: அலையாத்திக் காடுகள், கழிமுகங்கள், இடுப்பளவு ஆழமுள்ள விரிகுடாப் பரப்புகள். மற்றொன்று, கரை கண்ணுக்கு மறையும் ஆழ்கடல். இவ்விரு நீர்களிலும் 'விடுதல்' என்னும் ஒரே சொல் ஒரே பொருளைத் தருவதில்லை.

கரையோர நீரின் பேரரசன் டார்பன் என்னும் வெள்ளி மீன். ஆறடிக்கும் மேல் நீளக்கூடியது. 50 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அதன் காற்றுப்பை தொண்டையோடு இணைந்திருப்பதால், நீரின் மேற்பரப்புக்கு வந்து நேரே காற்றை விழுங்கவும் வல்லது. இளவேனிலின் பிற்பகுதியில் போகா கிராண்டே கடல்வாயில் இம்மீன்கள் திரள்கின்றன. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும் வலிய வற்றுப்பெருக்கு, விரிகுடாவிலுள்ள நண்டுகளை வாரிக்கொண்டு வெளியேறும். டார்பன்கள் அவற்றை உண்ணக் காத்திருக்கும். டார்பன்களுக்காகப் படகுகள் காத்திருக்கும்.

டார்பனின் இறைச்சி முள் நிறைந்தது. ஃபுளோரிடாவில் அதை விரும்பி உண்பார் அரியர். 1885-ஆம் ஆண்டில் அக்கரையில் ஒருவர் தூண்டிற்கோலால் டார்பனைப் பிடித்த செய்தி பரவியபின், செல்வர்கள் அதற்காகவே திரண்டனர். பிடித்தனர், தொங்கவிட்டுப் படம் எடுத்தனர், பின்பு எறிந்தனர். டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் அரான்சஸ் நகரிலுள்ள பழைய விடுதி ஒன்றின் சுவர்களில், பிடித்தவர் கையொப்பமிட்ட டார்பன் செதில்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டப்பட்டுள்ளன. 1937-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட செதிலும் அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு செதிலும் உண்ணப்படாத ஓர் உயிரின் கணக்கு.

அவ்வழக்கத்தோடு ஒப்பிட்டால் இன்றைய நிலை மேலானது என்பதை மறுக்க இயலாது. 2013 முதல் ஃபுளோரிடாவில் டார்பனைப் பிடிப்போர் விட்டுவிடவே வேண்டும். உலகச் சாதனைக்கு முயல்வோர்க்கு மட்டும் தனி அனுமதிச் சீட்டு உண்டு. 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனைப் படம் எடுப்பதற்காகக்கூட நீரைவிட்டு வெளியே தூக்கலாகாது. நல்ல கேப்டன்கள், களைத்த மீனைத் தாடையில் பிடித்துப் படகோடு மெல்ல நடத்திச் சென்று, செவுள்களில் நீர் பாயச் செய்து, அது தானாக வாலை அடிக்கும்வரை காத்திருப்பர். அக்கரிசனத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆயினும் அரைமணி, ஒருமணி நேரம் போராடிச் சோர்ந்த மீனுக்காகக் கடல்வாயில் சுத்தியல் தலைச் சுறாக்களும் காத்திருக்கின்றன. விடுபட்ட மீனை மனிதர் கண்ணெதிரிலேயே சுறா இரண்டாகத் துண்டிப்பதும் அங்கு நிகழ்வதே. விட்டவர் கை தூய்மையானது. களைப்பைத் தந்ததும் அதே கைதான்.

மீனுக்கு வலி உண்டா என்பது இங்கு இயல்பாக எழும் வினா. 2002-இல் ஜேம்ஸ் ரோஸ் என்னும் அறிஞர், மனித மூளையிலுள்ள புறணி மீனிடம் இல்லாமையால் வலியை உணரும் ஆற்றலும் அதற்கில்லை என்று வாதிட்டார். அடுத்த ஆண்டிலேயே லின் ஸ்னெடன் என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும் காடி அமிலத்தையும் செலுத்திப் பார்த்தனர். அமிலம் பெற்ற மீன்கள் உதட்டைக் கற்களில் தேய்த்தன. இரை எடுக்க நெடுநேரம் தாமதித்தன. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஐயம் யாருக்குச் சாதகமாக அமைய வேண்டும்? உண்பதற்காகப் பிடிப்பவர் தம் தேவையை எடுத்துக்காட்டலாம். மகிழ்ச்சிக்காகப் பிடிப்பவரிடம் தேவை என்று ஒன்றில்லை. எனவே ஐயத்தின் சுமையை அவரே தாங்க வேண்டும்.

விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோர் மனிதரையும் கொடுமைப்படுத்தப் பழகிவிடுவர் என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் கண்ட காரணம். ஆழமான காரணமே, ஆனால் அதில் மீன் ஒரு கண்ணாடியாக மட்டுமே நிற்கின்றது, மனிதன் அதில் தன் முகத்தையே பார்க்கின்றான். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளை உணவுக்காகப் பயன்படுத்துவதை ஏற்றுக்கொண்டு, தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்கின்றது. எனவே வினா முழுவதும் 'தேவை' என்னும் ஒரு சொல்லைச் சுற்றியே நிற்கின்றது. சுவிட்சர்லாந்து இதை நேராகவே எதிர்கொண்டது: விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன் பிடித்தலை அந்நாடு 2008-இல் தடைசெய்தது. உண்ணும் எண்ணம் இல்லையெனில் தூண்டிலும் வேண்டா என்பது அதன் பொருள். ஒரே செயல் ஃபுளோரிடாவில் சட்டம் கேட்கும் கடமை. சுவிட்சர்லாந்தில் சட்டம் தடுக்கும் குற்றம். முன்னது மீன் இனத்தைக் காக்கின்றது. பின்னது மீன் ஒன்றை எண்ணிப் பார்க்கின்றது.

இவ்வேறுபாட்டின் கூர்மை ஆழ்கடலில்தான் தெரிகின்றது. அங்கே பாறைத் திட்டுகளில் வாழும் ரெட் ஸ்னாப்பர் என்னும் செந்நிற மீன் சுவைமிக்கது. அதுவும் 50 ஆண்டுகளைக் கடந்து வாழ வல்லது. 1980-களின் இறுதியில் வளைகுடாவில் அதன் இனம் மிகக் குறைந்துவிட்டது கண்டறியப்பட்டு, கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. அவற்றின் பயனாக இனம் மீண்டு வருகின்றது. மாநில எல்லையான 9 கடல் மைலுக்கு அப்பால், வாடகைப் படகுகளுக்கு இம்மீனின் பருவம் ஜூன் 1-இல் தொடங்குவது வழக்கம். அப்படியானால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் படகுகள் ஆழ்கடலுக்குச் செல்வதில்லையா? செல்கின்றன, பருவம் திறந்திருக்கும் வேறு மீன்களுக்காகச் செல்கின்றன. ஆனால் பாறையடியில் இறங்கும் இரை எம்மீனுக்குரியது என்று எழுதி ஒட்ட முடியாது. செந்நிற மீன் பெருந்தீனிக்காரன். பல வேளைகளில் முந்திக்கொள்வது அதுவே.

60 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் ஏழு மடங்கு. டார்பனுக்குப்போல் இம்மீனின் காற்றுப்பைக்குத் தொண்டைவழி வாயில் கிடையாது. மேலே இழுக்கப்படும்போது உள்ளிருக்கும் காற்று விரிகின்றது, இரைப்பை வாய்வழியே பிதுங்குகின்றது, கண்கள் புடைக்கின்றன. முள்ளைக் கழற்றிக் கடலில் விட்டால் அது கீழே செல்ல இயலாமல் மிதக்கும். பறவையோ ஓங்கிலோ வெயிலோ முடித்துவிடும். பருவம் அல்லாத காலமாதலால் அதைப் படகில் வைத்துக்கொள்ளவும் கூடாது. சட்டத்தை எள்ளளவும் மீறாமல், உண்ணப்படாமல், ஒரு மீன் இறக்கின்றது. டார்பனை விட்டவருக்கும் இம்மீனை விட்டவருக்கும் எண்ணம் ஒன்றே. முடிவை வேறாக்கியது மீனின் உடலமைப்பு. எண்ணம் மட்டுமே அறம் என்போர் இவ்விடத்தில் சற்று நின்று செல்ல வேண்டும்.

இதற்கு மாற்று தேடாமல் இல்லை. 2008-இல் முனை உள்நோக்கி வளைந்த வட்டமுள் கட்டாயமாக்கப்பட்டது. அது குடலில் தைக்காமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். அதே ஆண்டில், காற்றுப்பையில் குத்திக் காற்றை வெளியேற்றும் துளையூசியும் கட்டாயமாயிற்று. தவறான இடத்தில் குத்துவதால் தீங்கும் நேரலாம் என்னும் ஐயம் வலுத்தது. 2013-இல் அவ்விதி நீக்கப்பட்டது. பின்னர் 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டம், ஊசியோ அல்லது மீனை ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவியோ ஒன்றைப் படகில் ஆயத்தமாக வைத்திருக்கப் பணித்தது.

இவை யாவும் மீன் மேலே வந்தபின் செய்பவை. நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது அதற்கு முந்திய நொடியை. மனச்சான்றுள்ள கேப்டன், பருவமல்லாத மீன் அடுத்தடுத்து இரண்டு மூன்று ஏறியதும் தூண்டில்களைச் சுருட்டச் சொல்லி வேறு திட்டுக்குப் படகைத் திருப்புவார். அதற்கு எரிபொருள் செலவாகும், அரைமணி வீணாகும், பணம் கொடுத்தவர்கள், 'நன்றாகத்தானே கடிக்கின்றது, ஏன் போகவேண்டும்?' என்று முணுமுணுப்பர். அடுத்த ஆண்டு அவர்கள் வேறொரு படகைத் தேடிக்கொள்ளவும் கூடும். எந்தச் சட்டமும் அவரை நகரச் சொல்லவில்லை. அப்படகில் அறம் என்று ஏதேனும் நிகழ்ந்தால், அது மீனை விடும் கையில் அன்று, சுக்கானைத் திருப்பும் கையில்தான் நிகழ்கின்றது என்பது எம் கருத்து. பயணியருக்கும் அதில் பங்குண்டு. ஜூன் மாதத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு செந்நிற மீன்கள் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு எடுத்து, சமைத்து, நன்றியோடு உண்பவரை நாம் குறை கூறோம். இரண்டும் கிடைத்தபின், 'இன்னும் பொழுது இருக்கின்றதே' என்று அதே பாறையில் மூன்றாவது முள்ளை இறக்குபவரிடமே நம் வினா. அவர் தூண்டிலைச் சுருட்டிவைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் கேப்டன் கட்டணத்தைக் குறைக்கப் போவதில்லை, கூட்டவும் போவதில்லை.

அந்த இறக்கிவிடும் கருவியைப் பற்றி ஒரு சொல். எடை கட்டிய கவ்வி அது. மீனின் கீழ்த்தாடையைப் பற்றிக்கொண்டு நீரில் இறங்கும். முன்னரே குறித்துவைத்த ஆழத்தை அடைந்ததும் நீரழுத்தத்தால் தானே திறந்துகொள்ளும். படகில் இருப்பவர் கயிற்றைச் சுற்றி மேலே எடுத்தால் கவ்வி வெறுமையாக வரும். கீழே மீன் நீந்திச் சென்றதா, இல்லையா என்பதை மேலிருந்து காண வழியில்லை.