பாடம் பிள்ளையுடையது, விசாரிப்பு பெற்றோருடையது

பிளஸ் டூ முடிவு வெளிவந்த மறுநாளே பூந்தமல்லி நெடுஞ்சாலையின் முகம் மாறிவிடும். குமணன்சாவடியிலிருந்து திருமழிசை வரைக்கும் விளம்பரப் பலகைகளில் பட்டமளிப்பு அங்கி அணிந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி செக்போஸ்ட்டிலும் பேருந்துக்கு நிற்பவர் கையில் நோட்டீஸ் திணிக்கப்படும். "சீட் முடியப் போகுது சார், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்று வீட்டுக்கு வீடு போன் வரும். இந்தப் பக்கம் குடியிருக்கும் என்னிடம் அக்கம்பக்கத்தார் ஒவ்வொரு மே மாதமும் கேட்பது ஒன்றுதான்: "எந்த காலேஜ் நல்ல காலேஜ்?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என்ன படிப்பது என்பது ஒன்று; எங்கே படிப்பது என்பது இன்னொன்று. முதலாவதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். இரண்டாவதைப் பெற்றோர் அலைந்து திரிந்து விசாரிக்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. "கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்" என்று அப்பா முடிவு செய்துவிடுகிறார். கல்லூரியை மட்டும் பிள்ளையின் நண்பர்களும் விளம்பரமும் முடிவு செய்கிறார்கள்.

பெற்றோர் பாடத்தைத் தீர்மானிப்பது அன்பினால்தான். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த உலகம் வேறு. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் பாடியின் ஆலைகளும் அந்தப் பத்தாண்டில் வளர்ந்தவை. ஐ.டி.ஐ. முடித்து உள்ளே நுழைந்தவர் ஓய்வு பெறும்வரை ஒரே கேட்டில் அட்டை காட்டினார், வீடு கட்டினார், தங்கை கல்யாணத்தை முடித்தார். அந்த அனுபவம் சொல்லும் பாடம் உண்மையானதுதான். ஆனால் 2021-இல் அந்தத் தொழிற்சாலையே பாதுகாப்புத் தளவாட வாரியத்திலிருந்து பிரிந்து, தனி நிறுவனமொன்றின் கீழ் போய்விட்டது. நாற்பது வருடம் மாறாது என்று நம்பிய இடமே மாறும்போது, இன்று பதினேழு வயதில் இருப்பவருக்கு எந்தத் துறை சோறு போடும் என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? விருப்பத்தோடு படித்தவர் துறை மாறினாலும் தேறிக்கொள்வார். வேண்டாவெறுப்பாகப் படித்தவர் நல்ல துறையிலும் அரியரோடு நிற்பார்.

அம்பத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில், பொறியியல் கவுன்சலிங்குக்கான விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய ஒரு தந்தையும் மகளும் வந்திருந்தார்கள். தந்தை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். கம்ப்யூட்டர் முன்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். பதில் சொன்னதெல்லாம் பின்னால் நின்ற தந்தை. கடைக்காரப் பையன் நிமிர்ந்து, "பாப்பா, படிக்கப்போறது நீதானே, நீ சொல்லு" என்றான். அவள் கொஞ்சம் தயங்கி, "சிவில்ப்பா" என்றாள். "வெயில்ல நிக்கணுமேம்மா?" "நீங்க நிக்கலையா?" அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சரி, முதல்ல அதையே போடு தம்பி." அந்த வீட்டில் இதைப் பற்றி அதற்குமுன் யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. நான் பெற்றோரிடம் வேண்டுவது, "நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய்?" என்ற இந்த ஒரு கேள்வியைத்தான். கவுன்சலிங் அன்று கேட்காமல் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு கேளுங்கள்.

கேட்கும்போது பொறியியல் மட்டுமே கல்வி என்ற எண்ணத்தையும் தள்ளிவைக்க வேண்டும். இந்த வட்டாரத்திலேயே எத்தனை வழிகள்! ஆவடியில் 1957 முதல் முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர், விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கொரட்டூரில் பெண்களுக்கான பக்தவத்சலம் கல்லூரி. பட்டாபிராமில் இந்து கல்லூரி. புறநகர் ரயில் நிலையம் ஒன்றே அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. வணிகவியல், தமிழ், கணிதம் என்று படித்து முன்னுக்கு வந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு பிள்ளையைப் பேசவிடுங்கள்.

பாடம் முடிவானால் இனி பெற்றோர் வேலை. தமிழ்நாட்டில் 400-க்கு மேல் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து எடைபோட முடியாது. முதலில் கேட்க வேண்டியது, அது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்பது. நம் பக்கத்தில் ஒரே குழுமத்தின் பெயரில் இரண்டு வகையும் அருகருகே உண்டு; வாசலைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பணத்தில் தெரியும். கலந்தாய்வு வழியாக இணைப்புக் கல்லூரியில் சேர்பவருக்குக் கட்டணக் குழு நிர்ணயித்த உச்சவரம்பு உண்டு. 2017-இல் அது ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000 ரூபாய் என்று வைத்தார்கள். இப்போதைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரி சலுகையும், ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வில்தான் கிடைக்கும். அந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. "அட்வான்ஸ் கட்டுங்க" என்ற போனுக்குப் பயந்து இதையெல்லாம் இழக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு பொறுப்பதில்லை.

இரண்டாவது, ஆசிரியர்கள். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு ஒரு செய்தியை வெளிக்கொண்டு வந்தது. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. பிறகு, அப்போது அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வேல்ராஜே, 189 பேர் சுமார் 2,000 பணியிடங்களில் காட்டப்பட்டிருப்பதாகச் சொன்னார். இணையதளத்தில் பேராசிரியர் படம் இருந்தால் வகுப்பிலும் அவர் இருப்பார் என்று நம்ப முடியாது என்பதை இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லூரி நடக்கும் ஒரு நாளில் போங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்காதீர்கள்; வெளியே டீக்கடையிலோ பஸ் ஸ்டாப்பிலோ அந்தத் துறையின் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளோடு பேசுங்கள். "போன செமஸ்டர்ல எத்தனை வாத்தியார் மாறினாங்க? லேப்ல நீங்களே கைவெச்சுச் செய்யறீங்களா, சும்மா நின்னு பார்க்கறீங்களா?" இந்த இரண்டுக்கும் அவர்கள் சொல்லும் பதில், எந்தக் கையேட்டிலும் இருக்காது.

மூன்றாவது, வேலைவாய்ப்புக் கணக்கு. ஒரு மாணவருக்கு மூன்று நிறுவனம் ஆணை தந்தால் மூன்று என்று எண்ணிப் பலகையில் போடுபவர்கள் உண்டு. மிக உயர்ந்த சம்பளம் வாங்கிய ஒருவரின் படத்தால் நமக்கு என்ன பயன்? அந்தத் துறையில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் விவரங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. இந்த இடைநிலைச் சம்பளம் அதில் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாக் என்பது கல்லூரி முழுவதற்குமான மதிப்பீடு. என்.பி.ஏ. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியானது. கல்லூரிக்கு நாக் இருக்கிறது என்பதால் உங்கள் பிள்ளையின் படிப்புக்கு என்.பி.ஏ. இருக்கிறது என்று ஆகிவிடாது.

நான்காவது, தூரம். காலை ஆறரைக்கு ஆவடியில் கல்லூரிப் பேருந்தில் ஏறி, மாலை இருட்டும்போது இறங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். தினம் மூன்று மணி நேரம் சாலையில் போனால் படிக்க எது நேரம்? பேருந்துக் கட்டணமும் தனி. அதே தரத்தில் ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரி கிடைத்தால், பளபளப்பான கட்டடத்தைவிட அதுவே மேல். ஆனால் மகளை மட்டும் "பக்கத்திலேயே சேர்த்தால் போதும்" என்று சொல்லி, அவள் விரும்பிய பாடமே இல்லாத கல்லூரியில் சேர்ப்பது அநியாயம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. போக்குவரத்துக்கேனும் அது உதவும்.

பணத்தை நான்கு வருடத்துக்கும் சேர்த்து, தலைப்பு வாரியாக எழுதி வாங்குங்கள். நன்கொடை வசூலை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; ரசீது தராத பணத்தைக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இலேயே சொல்லிவிட்டது. கல்விக் கடன் வாங்கினால் அதில் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்தே கையெழுத்துப் போடுகிறீர்கள். ஆகவே குடும்ப வருமானத்தைப் பிள்ளைக்கு மறைக்காமல் சொல்லுங்கள். உண்மை தெரிந்த பிள்ளை பொறுப்பாக யோசிக்கும்.

கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது ஒரு பயத்தை விட்டுவிடுங்கள். "கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் கிடைக்கிறதும் போய்விடும்" என்பது தவறு. பட்டியலின் மேலிருந்து வரிசையாகத்தான் பார்க்கிறார்கள். முதலாவது இல்லையென்றால் இரண்டாவது. ஆகவே ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள், தாராளமாக நிறையவும் எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நண்பன் சேர்கிறான் என்பதற்காகச் சேராதீர்கள். அவன் வேறு செக்ஷனில் இருப்பான். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கேட்டு வாங்கினால், அதைக் கடைசிவரை படித்து முடிக்கும் கடமையும் உங்களுடையது. அப்பாவும் அம்மாவும் வேலைக்கு லீவு போட்டு, வெயிலில் நான்கு கல்லூரி வாசல்களில் நின்று விசாரித்து வருவார்கள். பதிலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது, ஏன் இந்தப் பாடம் என்று அவர்கள் கேட்கும்போது ஒரு நேர்மையான காரணத்தைச் சொல்வது. பாடத்தைச் சுமக்கப்போவது நீங்கள். செலவைச் சுமக்கப்போவது அவர்கள். சுமப்பவர் கையில் அந்தந்த முடிவு இருந்தால், கல்லூரி பெரிதாக அமையாவிட்டாலும் நான்கு ஆண்டுகள் வீணாகாது.