விசுவாசத்தை எதைக் கொண்டு அளப்பது?

பாலிங்வாசிகளாகிய நமக்கு 1955-ஆம் வருடம் டிசம்பர் 28, 29 ஆகிய இரு தினங்களும் வெறும் பாடப்புத்தகத் தேதிகள் அல்ல. இவ்வூர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில்தான் துங்கு அப்துல் ரஹ்மானும், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும், டான் செங் லாக்கும் ஒரு பக்கத்திலும், காட்டிலிருந்து வந்த சின் பெங், சென் தியான், ரஷீத் மைதீன் மூவரும் மறு பக்கத்திலும் அமர்ந்து பேசினார்கள். இரு சாராரும் வேண்டியது மலாயாவின் சுதந்திரத்தையே. அப்படியிருக்கப் பேச்சு முறிந்தது ஏன்? சின் பெங்கின் கட்சியை அங்கீகரிக்கத் துங்கு மறுத்தார். அத்துடன், காட்டை விட்டு வருகிறவர்களைத் தடுத்து வைத்து, இந்நாட்டுக்கு விசுவாசமானவர்கள்தாமா என்று விசாரித்த பிறகே விடுவோம் என்றார். அது சரணாகதி, அதற்கு உடன்பட மாட்டோம் என்றார் சின் பெங். 1957-இல் சுதந்திரம் வந்தது. அவசரகாலமோ 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

விசுவாசம் என்ற அந்தச் சொல்லைப் பற்றியே சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். நான் ஆலிமுமல்லன், சரித்திர ஆசிரியனுமல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவன். அக்காலத்தைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டும் படித்தும் அறிந்தவனே தவிரக் கண்டவனல்லன்.

சீனர் காட்டின் பக்கம், மலாய்க்காரர் சர்க்கார் பக்கம், தமிழர் துரை பக்கம் என்று நம்மவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். இது சோம்பேறிக் கணக்கு. காட்டுப்படையின் பத்தாவது ரெஜிமெண்டு மலாய்க்காரர்களைக் கொண்டு 1949-இல் பகாங்கில் அமைக்கப்பட்டது. அதே 1949-இல் ஈப்போவில் வெடிகுண்டு வீசப்பட்டுக் காயமுற்ற டான் செங் லாக் ஒரு சீனர். காட்டுப்படையினர் கையால் மாண்ட பொதுமக்களிலும் பெரும்பாலோர் சீனரே. தமிழரில் தொழிற்சங்கத் தலைவர் கணபதி, 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய சர்க்கார் செய்த முறையீடும் பலிக்கவில்லை. தோட்டங்களைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களிலும் தமிழர் இருந்தனர். நமது கெடாவையே பாருங்கள். பீடோங் வட்டாரத் தோட்டங்களில் கள்ளுக்கடையை எதிர்த்து எழுந்த தொண்டர் படை 1947-இல் போலீசாருடன் மோதியது, தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்கள் எந்தப் பக்கம்? துரையின் பக்கம் அல்ல என்பது தெளிவு. அதனால் காட்டின் பக்கம் என்று ஆகிவிடுமா?

உள்ளபடி சொன்னால், பெரும்பாலான ஜனங்களுக்கு எந்தப் பக்கமும் இல்லை. இரவில் ஒரு துப்பாக்கி, பகலில் ஒரு துப்பாக்கி. இரவில் வந்தவன் பால்மரங்களை வெட்டிச் சிதைத்தான், அடையாளக் கார்டைப் பறித்தான். கார்டு இல்லாதவனைப் பகலில் வந்தவன் பிடித்துக்கொண்டு போனான்.

கடைக்காரர்கள் நிலைமையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது நம் தொழில். 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டப்படி ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். காட்டுக்கு உணவு போகாமல் தடுப்பதே நோக்கம். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கட்டுப்பாடு கடுமையாயிருந்த இடங்களில் சார்டின் டின்னைக் கூட விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டும். வைத்திருந்து காட்டுக்கு அனுப்பினால் கெட்டுப்போகுமல்லவா? யாருக்கு என்ன விற்றது என்று எழுதி வைக்கவும் வேண்டும். கடைக்காரன் கையில் தராசோடு ஆணியும் வந்தது. வழக்கமாகக் கடன் வாங்கும் ஒருவன் இரண்டு கட்டி அரிசி கூடுதலாகக் கேட்கிறான். வீட்டில் பிள்ளைகள் பட்டினியா, அல்லது காட்டில் இருக்கும் தம்பிக்கா? கொடுத்தால் சட்டம், மறுத்தால் இரவில் கதவு தட்டப்படும். பயந்து கொடுத்தவனை விசுவாசம் அற்றவன் என்று எழுதுவது நியாயமா?

நம் மார்க்கத்தில் இதற்கு ஒரு வெளிச்சம் உண்டு. அம்மார் இப்னு யாசிர் (ரலி) அவர்களைக் குறைஷிகள் சித்திரவதை செய்து, சொல்லத் தகாததைச் சொல்ல வைத்தார்கள். அழுதுகொண்டு வந்த அவரிடம் நபி (ஸல்) அவர்கள் கேட்டது, உன் உள்ளம் எப்படி இருக்கிறது என்பதையே. உள்ளம் ஈமானில் உறுதியாயிருந்தது; நாவின் மேல் குற்றம் இல்லை. ஆனால் இதே கட்டாயத்துக்கு நம் இமாம்கள் ஓர் எல்லையும் வைத்தார்கள். உன் உயிரைக் காக்கப் பிறன் உயிரைப் போக்குவதற்கு அனுமதி இல்லை.

அக்காலத்தில் முகமூடி போட்ட ஆளை உட்கார வைத்து, ஊராரை வரிசையாக அவன் முன்னால் நடத்திச் செல்வார்கள். அவன் தலையசைத்தால் நடந்து போனவன் சிறைக்குப் போவான். மறுபுறம், போலீசுக்குச் சொன்னான் என்ற சந்தேகம் ஒன்றே போதும், காட்டுப்படையினர் ஆளை முடித்துவிடுவார்கள். பயத்தினால் அரிசி கொடுத்தவனையும், பயத்தினாலோ பகையினாலோ அண்டை வீட்டானைக் காட்டிக்கொடுத்தவனையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதே என் அபிப்பிராயம். எந்தக் கொடிக்கு வணங்கினான் என்பதைக் காட்டிலும், பக்கத்து வீட்டான் உயிரை என்ன செய்தான் என்பதே கேட்கத்தக்க கேள்வி. அதற்கும் ஆட்சேபம் உண்டு: கொடுத்த அரிசியைத் தின்றவன் மறுநாள் ஒரு பஸ்ஸைச் சுட்டால்? கொடுத்தவன் அதை அறிந்தே கொடுத்தால், அவனும் அந்த எல்லையைத் தாண்டியவனே. அறிந்தானா என்பதை எந்த முகமூடி சொல்ல முடியும்!

இன்னொன்று. விசுவாசத்தைக் கேட்ட சர்க்கார் அதற்கு ஈடாக என்ன கொடுத்தது? 1948-ஆம் வருட ஒப்பந்தப்படி தோட்டத் தமிழரிலும் சீனரிலும் மிகப் பலருக்குப் பிரஜா உரிமை எளிதாகக் கிட்டவில்லை. குடும்பத்தில் ஒருவனாகச் சேர்க்காமலே, வீட்டுக்கு உண்மையாயிரு என்று கேட்பது போன்றது இது.

சின் பெங்கைப் பேச்சுக்கு அழைத்து வந்த ஜான் டேவிஸ், ஜப்பானியர் காலத்தில் காட்டில் அவரோடு சேர்ந்து போராடியவர். அந்தச் சேவைக்காகச் சின் பெங்குக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் விருது அளித்தது. பிறகு அதைப் பறித்து, அவர் தலைக்கு இரண்டரை லட்சம் வெள்ளி விலை வைத்தது. விசுவாசி துரோகி ஆக மூன்று வருடங்கள் போதுமாயிருந்தன.

1989 டிசம்பரில் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் இக்கணக்கு முடியவில்லை. காட்டிலிருந்த சம்சியா பக்கே அம்மையார் 1994-இல் நாடு திரும்ப அனுமதி பெற்றார். சின் பெங் நீதிமன்றம் வரை சென்றும் அனுமதி கிட்டாமல் 2013-இல் பாங்காக்கில் இறந்தார். அவர் படையால் பிள்ளையை இழந்த குடும்பங்களின் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தராசு ஒன்றாயிருக்க வேண்டாமா?

சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவசரகாலத்தில் நம் பெரியவர்கள் நடத்திய கடைகளின் பற்றுவரவுப் புத்தகங்களோ, அரிசிக் கார்டுகளோ பரணில் கிடந்தால் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள். பெயர்களை வெளியிட மாட்டோம். யார் எத்தனை கட்டி வாங்கினார்கள், யாருக்குக் கடன் தள்ளப்பட்டது என்பதையாவது பிள்ளைகள் பார்க்கட்டும்.